எந்தப் பாடம் கடினம் என்று விடைத்தாளைக் கேளுங்கள்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், தமிழ் வழி. காசிமேட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் கடலுக்குப் போகிறார். நான் மீன் வியாபாரம் செய்கிறேன். விடியற்காலை இரண்டரை மணிக்கு ஏலத்துக்குக் கிளம்பிவிடுவேன். அரையாண்டுத் தேர்வில் மகள் வாங்கியது தமிழ் 72, ஆங்கிலம் 51, கணிதம் 39, அறிவியல் 34, சமூக அறிவியல் 58. அறிவியலில்தான் மிகவும் பின்தங்கியிருக்கிறாள். ஆனால் தெருவில் எல்லோரும், “கணிதம்தான் கடினம், அதற்கு இன்னொரு டியூஷன் வையுங்கள், சமூக அறிவியலையெல்லாம் கடைசி மாதத்தில் படித்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். விடியற்காலையில் படித்தால் மனதில் நிற்கும் என்பதால் நான் கிளம்பும்போதே அவளை எழுப்பிவிடுகிறேன். இரவு படுக்கப் பதினொன்று ஆகிறது. சமூக அறிவியல் புத்தகத்தை இரண்டு முறை முழுதாகப் படித்துவிட்டாள். படித்ததெல்லாம் மறந்துபோகிறது என்று அழுகிறாள். நான் ஏழாவது வரைதான் படித்தேன், என்னால் என்ன உதவ முடியும்? உண்மையில் எந்தப் பாடம் கடினம்? எதை எப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும்? விடைத்தாள்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விடைத்தாள்களை அனுப்பினீர்களே, அதற்கு முதலில் நன்றி. முப்பத்தோரு ஆண்டுகள் வடசென்னைப் பள்ளிகளில் கணிதமும் அறிவியலும் நடத்தினேன். ஓய்வுபெற்ற பிறகு பழைய வண்ணாரப்பேட்டையில் மாலை நேரங்களில் பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுகிறேன். வருகிறவர்கள் எல்லோரும் மதிப்பெண் பட்டியலோடுதான் வருவார்கள். விடைத்தாளைக் கொண்டுவாருங்கள் என்றால், “அதெல்லாம் பழைய பேப்பரில் போய்விட்டதே சார்” என்பார்கள். மதிப்பெண் தராசு மாதிரி. எடை எவ்வளவு என்று சொல்லும், மீன் கெட்டிருக்கிறதா என்று சொல்லாது. அதற்குச் செவுளைத் திறந்துதான் பார்க்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திறப்பதற்கு முன், வீணாகச் சுமந்துகொண்டிருக்கும் ஒரு கவலையை இறக்கிவைத்துவிடுகிறேன். அறிவியலில் வாங்கிய 34, நூற்றுக்கு அல்ல, 75-க்கு. விடைத்தாளின் மேல் மூலையில் எழுதியிருக்கிறது, பாருங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறைத் தேர்வு 25. நூற்றுக்கு மாற்றிப் பார்த்தால் உங்கள் மகள் வாங்கியது 45. தேர்ச்சிக்கு எழுத்தில் 20, செய்முறையில் 15 தேவை. எழுத்தில் அந்தக் கோட்டை நன்றாகவே தாண்டியிருக்கிறாள். அறிவியலில்தான் பின்தங்கினாள் என்று அவளிடம் சொல்லிவிட்டீர்கள் என்றால், இன்றே திருத்திச் சொல்லிவிடுங்கள். இந்த வயதுப் பிள்ளைகள் நாம் சொல்வதை நம்பிவிடுவார்கள்.

இப்போது தெரு சொல்லும் கதைக்கு வருவோம். கணிதம்தான் கடினம் என்கிறார்கள். 2024 பொதுத்தேர்வில் கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 20,000-க்கும் மேல். தமிழில் நூறு வாங்கியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? 8 பேர். எட்டாயிரம் இல்லை, எட்டே எட்டுப் பேர். அடுத்த ஆண்டும் தமிழில் அதே 8 பேர்தான். ஆனால் கணிதத்தில் அந்த எண்ணிக்கை 2,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. அறிவியலில் 5,000 சொச்சத்திலிருந்து 10,000-க்கு மேல் ஏறிவிட்டது. ஒரே ஆண்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணிதத்தை மறந்து அறிவியலில் மேதைகளாகிவிடவில்லை. வினாத்தாளின் போக்கு மாறியது, அவ்வளவுதான். இன்னொன்றும் கேளுங்கள். அதே 2024-இல் ஐந்து பாடங்களில் தேர்ச்சி சதவீதம் மிகக் குறைவாக இருந்தது சமூக அறிவியலில். கடைசி மாதத்தில் படித்துக்கொள்ளலாம் என்கிறார்களே, அதே பாடத்தில்தான். எல்லோரும் அஞ்சுகிற ஆங்கிலத்தில்தான் தேர்ச்சி மிக அதிகம்.

ஆகவே எது கடினம் என்று கேட்பதற்கு முன் எதற்குக் கடினம் என்று கேட்க வேண்டும். 35-ஐத் தாண்டவா, 70-ஐத் தொடவா, நூறு வாங்கவா? கணிதம் வாசலிலேயே நிறுத்திவைக்கும் பாடம். உள்ளே நுழைந்துவிட்டால் தாராளம். விடையும் வழியும் சரியாக இருந்தால் எந்தத் திருத்துநராலும் அரை மதிப்பெண் குறைக்க முடியாது. தமிழில் வாசல் அகலம், உள்ளே போகப் போகக் குறுகிக்கொண்டே போகும். கட்டுரைக்கு எட்டுக்கு எட்டுப் போடத் தமிழாசிரியர்களுக்குக் கை எழாது. என் நண்பர் ஒருவர் ஏழரை போடும்போதே சொந்தப் பணத்தை எடுத்துக் கொடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வார். சமூக அறிவியலுக்கு வாசலும் அகலம், கூடமும் அகலம், ஆனால் உள்ளே சாமான்கள் ஏராளம்; எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்குள் மணி அடித்துவிடும். அறிவியல் ஒண்டுக்குடித்தன வீடு. இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று குடும்பம், தனித்தனி அடுப்பு. ஒன்றில் கெட்டிக்காரியாக இருப்பவள் இன்னொன்றில் தடுமாறுவாள். மொத்தமாகச் சேர்த்து ‘அறிவியல் வரவில்லை’ என்று சொல்லிவிடுகிறோம்.

ஆளுக்கு ஆளும் இது மாறும். உங்கள் வீட்டுக்குத் தெற்கே இருக்கிற சென்னைத் துறைமுகத்தில் 1912-இல் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தவர் ராமானுஜன். கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்து, மற்றப் பாடங்களில் தேறாமல், அந்நாளில் பட்டப்படிப்புக்கு முந்திய கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.யில் தோற்றவர். எந்தப் பாடம் கடினம் என்று அவரைக் கேட்டிருந்தால் உங்கள் தெருக்காரர்களின் பதில் கிடைத்திருக்காது.

சரி, செவுளைத் திறப்போம். கணிதத்தில் போனது 61 மதிப்பெண். தாளை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினேன். பாடமே புரியாததால் போனது 23. முக்கோணவியல் முழுவதும், அளவியலில் பாதியும். தெரிந்த கணக்கிலேயே வழுக்கி விழுந்ததில் போனது 20. கேள்வியைத் தொடவே நேரம் இல்லாமல் போனது 18. எட்டு மதிப்பெண் கிராஃப் ஒன்று, ஐந்து மதிப்பெண் கணக்கு இரண்டு. இந்த மூன்று ஓட்டைக்கும் ஒரே ஒட்டு போட முடியாது. நீங்கள் வைக்கப்போகும் இரண்டாவது டியூஷன் அந்த 23-க்கு மட்டும்தான் உதவும். மீதி 38 மதிப்பெண்ணும் அவளுக்குத் தெரிந்த பாடத்திலிருந்து போயிருக்கிறது.

நேரம் எங்கே போனது என்று பாருங்கள். இரண்டு மதிப்பெண் பகுதியில் 14 வினாக்கள் கொடுத்து 10-க்கு விடை எழுதச் சொல்வார்கள். கடைசி வினா கட்டாயம். உங்கள் மகள் 13 எழுதியிருக்கிறாள். நல்ல மனசு. தெரிந்ததை எல்லாம் எழுதிவைத்தால் எதற்காவது போட மாட்டார்களா என்ற நினைப்பு. அந்த மூன்று கூடுதல் விடைக்கு ஒரு பைசா கிடையாது. அதற்குச் செலவழித்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கிராஃப் போட்டிருக்கலாம். கடைசிப் பகுதியில் வடிவியல் ஒன்று, கிராஃப் ஒன்று, இரண்டும் சேர்ந்து 16 மதிப்பெண். இரண்டும் வருவது உறுதி. புத்தகத்தில் இருக்கும் சில வகைகளுக்குள்ளேதான் வரும் என்பதும் தெரியும். தேர்ச்சிக்குத் தேவையான 35-இல் இது கிட்டத்தட்டப் பாதி. அதைக் கடைசி அரை மணிக்கு, கை சோர்ந்துபோன நேரத்துக்கு ஒதுக்குவதை நான் எப்போதும் எதிர்த்துவந்திருக்கிறேன். ஒரு மதிப்பெண் வினாக்களை முடித்த கையோடு இந்த இரண்டையும் முடித்துவிடச் சொல்லுங்கள். வினா எண்ணைச் சரியாகக் குறித்தால் வரிசை மாறி எழுதுவதில் தவறில்லை.

வழுக்கிய 20-க்கு ஓர் எடுத்துக்காட்டு காட்டுகிறேன். இருபடிச் சமன்பாடு ஒன்று. பெருக்கினால் −14, கூட்டினால் −5 வருகிற இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும். தாளின் ஓரத்தில் பென்சிலால் −7, +2 என்று சரியாகவே எழுதியிருக்கிறாள். அதை விடைக்கு இறக்கும்போது +2 என்பது −2 ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான்கு வரி, ஒரு பிசகு இல்லாமல், மிக அழகாக, தவறான ஊருக்குப் போய்ச் சேர்கிறது. இதே குறி வழுக்கல் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. இதற்கு ‘கவனமாக எழுது’ என்று அறிவுரை சொல்லிப் பயன் இல்லை. கவனமில்லாமல் எழுத வேண்டும் என்று யாரும் உட்காருவதில்லை. விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம்தான் மருந்து. −7-ஐயும் −2-ஐயும் கூட்டினால் −9 வருகிறது, கேள்வியில் −5 அல்லவா இருக்கிறது? பத்து விநாடி. ஒவ்வொரு கணக்குக்கும் கீழே ஒரு சிறிய டிக் போட்ட பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும் என்று வீட்டுப் பயிற்சியிலேயே வைத்துவிடுங்கள். தேர்வறையில் புதிய பழக்கம் எதுவும் வராது.

இனி டியூஷன். ஏற்கெனவே போகிற இடத்தில் ஒரு நாள் முழுக்கக் கூம்பு, மறுநாள் முழுக்கக் கோளம் என்று போடுவார்கள். ஐந்தாவது கணக்கிலேயே கை தானாக ஓட ஆரம்பித்துவிடும். பிள்ளைக்கும் நம்பிக்கை, ஆசிரியருக்கும் திருப்தி. ஆனால் தேர்வில் கேள்விக்குமேல் ‘இது கூம்பு’ என்று யாரும் தலைப்பு எழுதிவைக்க மாட்டார்கள். எந்தச் சூத்திரம் என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே பாதி வேலை. அந்தப் பாதியைப் பயிற்சியில் செய்யாமலே விட்டுவிடுகிறோம். கணிதப் புத்தகத்தில் எட்டு அத்தியாயம். பழைய வினாத்தாள்களிலிருந்து அத்தியாயத்துக்கு ஏழெட்டுக் கணக்குகளைச் சீட்டுகளில் எழுதி ஓர் எவர்சில்வர் டப்பாவில் போட்டுவையுங்கள். தினமும் ஐந்து சீட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். முதல் வாரம் மிகவும் தடுமாறுவாள், முன்பைவிடக் குறைவாகக்கூடப் போடுவாள். பயந்துவிடாதீர்கள். இரண்டாவது டியூஷன் வேண்டாம்; இப்போது போகிற ஆசிரியரிடமே, “முக்கோணவியலும் அளவியலும் மட்டும் மூன்று வாரம் நடத்துங்கள், மற்றதை வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்” என்று கேளுங்கள். நடத்த மாட்டேன் என்றால், அந்தப் பணத்தை வேறு எங்காவது கொடுக்கலாம்.

அடுத்து, படித்ததெல்லாம் மறந்துபோகிறது என்று அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவள் மறக்கவில்லை, சகோதரி. வைத்ததை எடுத்துப் பழகவில்லை. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஆளுக்கு இரண்டு பத்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றைத் திரும்பவும் படிக்க வேண்டும். இன்னொன்றை ஒரு முறை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த பத்தியே முந்தியது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ்: மூடிவைத்து எழுதிய பத்தியில் 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்த பத்தியில் 42 சதவீதம். ஏமாற்றம் எங்கே இருக்கிறது என்று பார்த்தீர்களா? திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த முகமாகத் தோன்றும். தெருவில் தினமும் பார்க்கிற ஆளின் பெயரைக் கேட்டால் வராது அல்லவா, அதுபோல.

ஆகவே மூன்றாம் முறை படிக்க வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெள்ளைத் தாள், பத்து நிமிடம். அந்தப் பாடத்தில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனாவால் சேர்க்கட்டும். மறுநாள் அதே பாடம், புதிய தாள். பிறகு நாலு நாள் விட்டு, பிறகு பத்து நாள் விட்டு. சிவப்பு குறைந்துகொண்டே வருவதை அவளே கண்ணால் பார்ப்பாள். முதல் தாள் பெரும்பாலும் சிவப்பாகத்தான் இருக்கும். அன்று ஓர் அழுகையும் இருக்கும்.

என்னிடம் படித்த ஒரு பையன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கு வர வேண்டும். கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. சரக்கு ரயில் வந்து அப்படியே நின்றுவிடும். எல்லோரும் திட்டிக்கொண்டு நிற்பார்கள். இவன் சட்டைப்பையில் நான்கு சீட்டு வைத்திருப்பான். ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் பதில். கேள்வியைப் பார்த்துப் பதிலை முணுமுணுத்துவிட்டுத் திருப்பிப் பார்ப்பான். தாமதமாக வந்ததற்கு நான் வெளியே நிறுத்தினால், அங்கேயும் அதே வேலை. படிப்பில் சுமாரான பையன்தான். சமூக அறிவியலில் 91 வாங்கினான். கேட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பிறகு சிரித்தான்.

சமூக அறிவியலைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உங்கள் மகளின் தாளில் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்து வந்த இடம் வரைபடம். சோழமண்டலக் கடற்கரையைக் குறிக்கச் சொன்னதற்கு, மேற்குக் கரையில் கேரளத்தின் ஓரமாக நிழலிட்டிருக்கிறாள். வீட்டு வாசலுக்கு வந்தால் சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்க்கிற பெண்! அவள் நிற்பதே சோழமண்டலக் கடற்கரையில்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. பாடம் வேறு ஊரில் நடக்கிற சங்கதியாகவே அவளுக்கு இருந்திருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய துறைமுகங்கள் மூன்று: சென்னை, எண்ணூர் காமராஜர் துறைமுகம், தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகம். அவற்றில் இரண்டு உங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கின்றன.

வரலாற்று ஆண்டுகளையும் இப்படியே ஊரில் கட்டிப்போடலாம். 1806 வேலூர்ப் புரட்சி. சரியாக 50 ஆண்டு கழித்து, 1856-இல், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் உங்கள் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. மறு ஆண்டு 1857, வடக்கே பெரும் புரட்சி. ராயபுரம் ரயில் நிலையத்தை நடுவில் வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் தானாக நிற்கும். முதல் உலகப் போர் தொடங்கிய ஆண்டு எது என்று குழம்புகிறாளா? 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் இருந்த எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுக் கொளுத்தியது. வீட்டில் பெரியவர்கள் யாராவது ஒரு கெட்டிக்காரனைப் பார்த்து, ‘அவன் எம்டன்’ என்று சொல்லக் கேட்டிருப்பாள். 1918 என்றால் போர் முடிந்த ஆண்டு. அதே ஆண்டில்தான் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஓர் எச்சரிக்கை: எம்டன் கதையை விடைத்தாளில் பக்கம் பக்கமாக எழுதிவைக்கக் கூடாது. இவை சுவரில் அடிக்கிற ஆணி, பாடத்தை மாட்டுவதற்கு. கேட்ட கேள்விக்குக் கேட்ட பதிலைத்தான் எழுத வேண்டும். வெற்று வரைபடம் கடையில் மலிவாகக் கிடைக்கும். வாரம் இரண்டு, புத்தகத்தைப் பார்க்காமல்.

அறிவியலில் அவளுடைய தனிப்பட்ட குறை இயற்பியல் குடித்தனத்தில் இருக்கிறது. எதிரொலி கேட்க வேண்டுமானால் சுவர் குறைந்தது எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு 17.2 மீட்டர் என்று மனப்பாடம் செய்திருக்கிறாள். கேள்வியில் ஒலியின் வேகத்தை 344 என்பதற்குப் பதிலாக 340 என்று மாற்றிக் கொடுத்தார்கள். அப்போதும் 17.2 என்றே எழுதியிருக்கிறாள். இதை அவளுடைய அப்பாவிடம் கேட்கச் சொல்லுங்கள். விசைப்படகில் ஆழமும் மீன் கூட்டமும் காட்டுகிற கருவி இருக்கும். அது கீழே ஒலியை அனுப்பி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிறது. போனதும் வந்ததும் சேர்ந்த நேரம் அது. ஆழம் வேண்டுமானால் பாதியாக்க வேண்டும். சுவருக்கும் அதே கதை. நம் காது இரண்டு ஒலிகளைப் பிரித்துக் கேட்க 0.1 விநாடி இடைவெளி வேண்டும்; 340-ஐ 0.1-ஆல் பெருக்கினால் 34, அதில் பாதி 17. ஏன் பாதி என்று அப்பா வாயால் கேட்டுவிட்டால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் போட்டுவிடுவாள். உயிரியலில் படங்களை நன்றாக வரைந்திருக்கிறாள், பாகங்களைக் குறிப்பதில்தான் சோம்பல். வேதியியலில் சமன்பாடுகளைத் தனி நோட்டில் எழுதி, இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணிச் சரிபார்க்கட்டும். அது போதும்.

தமிழ் 72 என்பது நல்ல மதிப்பெண், ஆனால் அங்கேதான் எளிதாக எடுக்கக்கூடியது இன்னும் கிடக்கிறது. குறளை அலகிடும் வினாவை விட்டுவிட்டாள். அது தமிழ் வேடத்தில் வந்த கணக்கு. நேர், நிரை பிரிக்கத் தெரிந்தால் தேமா, புளிமா என்று வாய்பாடு தானாக வரும், மூன்று மதிப்பெண் முழுதாகக் கிடைக்கும். கடிதத்தின் ஓரத்தில், “எங்கள் பக்கத்துப் பேச்சே அப்படி, அதனால் தமிழ் சரியாக எழுத வராது” என்று எழுதியிருந்தீர்கள். அதை ஏற்க மாட்டேன். பேசுகிறபடியே எழுதினால் மதுரைப் பிள்ளைக்கும் மதிப்பெண் போகும், கோவைப் பிள்ளைக்கும் போகும். வடசென்னைப் பேச்சில் ஒரு குறையும் இல்லை. தேர்வுத்தாளில் எழுத்துத் தமிழ் வேண்டும், அவ்வளவுதான். தினமும் செய்தித்தாளில் ஒரு பத்தியைப் பார்த்து எழுதினால் ரகர றகரமும் லகர ளகரமும் இரண்டு மாதத்தில் ஒழுங்குக்கு வந்துவிடும். ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. நோட்ஸில் இருக்கும் கட்டுரையைச் சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்திருக்கிறாள். நடுவில் ஒரு வரி மறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சிறிய சிறிய வாக்கியமாக, சொந்தமாக, ஆறேழு வரி எழுதப் பழகினால் நிற்க வேண்டிய அவசியம் வராது.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றுக்குப் படுத்து இரண்டரைக்கு எழுந்தால் மூன்றரை மணி நேரம். உங்களுக்கு அது பிழைப்பு. பகலில் ஒரு மணி நேரமாவது படுக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்கு அது தண்டனை. பகலில் படித்தது மனதில் படிவதற்குத் தூக்கம் வேண்டும். விடியற்காலைக்கு என்று தனி மந்திரசக்தி எதுவும் இல்லை. அந்த நேரத்தில் ஊர் அடங்கியிருக்கும், அதனால் படிக்க முடிகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் எட்டு மணிக்குப் படுத்தவர்கள். ஒன்பதரைக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழட்டும். ஒரே அறை, டிவி, நாலு பேர் என்றால் மாலை ஆறு முதல் எட்டு வரை மட்டும் டிவியை நிறுத்துங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் சீட்டுக் கணக்கும் ஒரு வெள்ளைத் தாளும், காலையில் தமிழோ ஆங்கிலமோ. ஞாயிற்றுக்கிழமை ஒரு முழு வினாத்தாளை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதட்டும். இப்போது தை மாதம். மார்ச் கடைசி வரை இதைச் செய்தால் தாராளம்.

நீங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். சாயங்காலம் சமையலைக் கவனித்துக்கொண்டே ஒவ்வொரு பாடத்தின் கடைசியில் இருக்கும் கேள்விகளை வாசியுங்கள். அவள் புத்தகத்தைப் பார்க்காமல் பதில் சொல்லட்டும். சரியா தவறா என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல ஏழாவது படிப்பு தாராளமாகப் போதும். ஏலத்தில் ஒரு கூடை என்ன விலை, கிலோ எவ்வளவுக்கு விழும், பனிக்கட்டிக் காசு போக என்ன மிஞ்சும் என்று நின்ற இடத்தில் கணக்குப் போடுகிறவர் நீங்கள். அவள் தடுமாறினால் உடனே பதிலைச் சொல்லிவிடாதீர்கள். வெங்காயம் வதங்குகிற நேரம் காத்திருங்கள்.

அடுத்த திருப்புதல் தேர்வு விடைத்தாள் வந்ததும் நான் செய்ததுபோல் அவளையே எண்ணச் சொல்லுங்கள். தெரியாமல் போனது எவ்வளவு, வழுக்கியது எவ்வளவு, நேரமில்லாமல் விட்டது எவ்வளவு. மூன்று எண்களை மட்டும் எனக்கு எழுதி அனுப்பினால் போதும், மொத்த மதிப்பெண் வேண்டாம்.

விட்டுப்போன ஒன்று. வடிவியல் விடையில் வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேரவில்லை; ஒரு நூல் தள்ளி, இரண்டு கோடாக விழுந்திருக்கிறது. அதனால் தொடுகோடும் தள்ளிப்போய், அளவு தவறி, மூன்று மதிப்பெண் போயிருக்கிறது. இது படிப்பின் குறை அல்ல, கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கிறது. நாளைக்கே ஒரு புதிய கவராயம் வாங்கிக் கொடுங்கள். கடையிலேயே ஒரு வட்டம் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.